பரதேசி: தங்கத்தாமரை வாங்கியிருக்க வேண்டிய படம்

பாலாவோட பரதேசிய நேத்து ராத்திரி திரும்பவும் பாத்தேன், இது நாலாவது தடவ. 2013 மார்ச் 15ஆம் தேதி படம் ரிலீஸ் ஆச்சு, அந்த மூணாவது நாளே தேசிய விருது அறிவிச்சாங்க, இந்தப் படத்துக்கு கெடைச்சது ஒண்ணே ஒண்ணு, ஆடை வடிவமைப்புக்காக பூர்ணிமா ராமசாமிக்கு. அவங்களுக்கு அது முழுக்க தகுதியான விருதுதான், அந்த அழுக்குப் படிஞ்ச முரட்டுத் துணிய பாத்தாலே அந்த ஜனங்க கையில காசுன்னு ஒண்ணு பொழங்குனதே இல்லன்னு தெரிஞ்சுரும். ஆனா சிறந்த படத்துக்கான தங்கத்தாமரை அந்த வருஷம் பான் சிங் தோமருக்குப் போச்சு, அதுவும் நல்ல படம், இர்ஃபான் கான் நடிப்ப யாரும் குறை சொல்ல முடியாது, இருந்தாலும் ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா எனக்கு பரதேசிதான் ஒரு படி மேல. பன்னெண்டு வருஷம் தாண்டியும் அந்த ஆத்தாமை எனக்குள்ள அப்படியே இருக்கு.

படம் பாக்காதவங்க இதோட நிறுத்திட்டு மொதல்ல படத்த பாத்துருங்க, கடைசி காட்சிய பத்தி பேசாம என்னால இத எழுத முடியாது.

1939, சாலூர்னு ஒரு கிராமம். அப்பா அம்மா இல்லாம பாட்டி வளர்த்த பையன் ராசா, ஊர்ல தண்டோரா போடுறவன், ஊரே அவன ஒட்டுப்பொறுக்கின்னுதான் கூப்பிடும். அங்கம்மாவுக்கு அவன்மேல ஆச, அவள சீண்டுறதும் அவனப் பாத்து சிரிக்கறதுமாவே படத்தோட முதல் பாதி போகுது, அதுல ஒரு கல்யாணப் பந்தி வரும், எல்லாருக்கும் சோறு விழுந்து இவனுக்கு மட்டும் விழாது, இவன் சின்னப்புள்ள மாதிரி அழுவான். மொத தடவ தியேட்டர்ல பாக்கும்போது எல்லாரும் சிரிச்சோம், ரெண்டாவது தடவ பாக்கும்போது எனக்கு சிரிப்பே வரல, ஏன்னா இந்தப் பசிதான் பின்னாடி மொத்த ஊரையும் மலையேத்தப் போகுதுன்னு அப்ப தெரியும். வேலை தேடி பக்கத்து ஊருக்குப் போயி நாளெல்லாம் விறகு வெட்டிட்டு கூலி கேட்டா அடிதான் விழும், அந்த நேரம் பாத்து ஒருத்தர் வந்து வாய் நிறைய அன்பா பேசுறாரு. அவர்தான் தோட்டத்துக்கு ஆள் புடிச்சுட்டுப் போற கங்காணி. மரியாதையா நாலு வார்த்த கேட்டே பழகாத ஜனங்க, அட்வான்ஸ் பணத்த கையில வெச்சதும் கைநாட்டு வெச்சுட்டு தேயிலைத் தோட்டத்துக்கு கெளம்பிருவாங்க, அங்கம்மா மட்டும் ஊர்ல பாட்டிகூட இருந்துருவா.

அந்த நடை இருக்கே. நாள் கணக்கா கால்நடையா போறாங்க, வழியில ஒருத்தன் முடியாம விழுந்துடறான், உசுரு இன்னும் இருக்கு, கங்காணி அவன அங்கயே விட்டுட்டு பொண்டாட்டிய மட்டும் இழுத்துட்டுப் போறாரு, எல்லாரும் தூரமா போயிட்டே இருக்க இவன் கை மட்டும் மேல எழும்பும். இடைவேளை. தியேட்டர்ல லைட்டு போட்டும் கொஞ்ச நேரம் யாரும் எந்திரிக்கல. செழியன் கேமராவ பத்தி தனியாவே ஒரு பதிவு போடலாம், சாலூர் பூரா காஞ்ச மண் நெறம், தோட்டம் வந்ததும் குளிர்ந்து போன ஒரு பச்சை, வழக்கமா சினிமால பச்சையப் பாத்தா மனசு குளிரும், இங்க அது வயித்தக் கலக்குது.

இந்தக் கதைக்கு வேர் பி.எச்.டேனியல்ங்கற டாக்டர் எழுதுன ரெட் டீ நாவல், 1969ல இங்கிலீஷ்ல வந்தது, இரா.முருகவேள் அத எரியும் பனிக்காடுன்னு தமிழ்ல கொண்டுவந்தார். டேனியல் வால்பாறை பக்கம் எஸ்டேட்ல டாக்டரா வேலை பாத்தவர், அதோட நிக்காம தொழிலாளிங்களுக்கு சங்கம் கட்டுனவர். கங்காணி தலைக்கு இவ்வளவுன்னு கமிஷன் வாங்குறது, கொடுத்த அட்வான்ஸ் வருஷக்கணக்கா தீராத கடனா நிக்கிறது, காய்ச்சல்ல கொத்துக்கொத்தா சாவுறது எல்லாமே அங்க நடந்ததுதான், இதே கங்காணி முறையிலதான் அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே நம்ம ஜனங்கள கப்பலேத்தி இலங்கை மலைத்தோட்டத்துக்கும் கொண்டு போனாங்க.

நாவல்ல கருப்பனும் வள்ளியும் புருஷன் பொண்டாட்டியா சேந்தே மலையேறுவாங்க. பாலா அத மாத்தி, அவன மட்டும் அனுப்பிட்டு அவள ஊர்லயே நிறுத்திட்டாரு. இந்த ஒரு மாத்தம்தான் என்னப் பொறுத்தவரைக்கும் மொத்தப் படமும். அவ வயித்துல புள்ளன்னு சேதி வருது, எப்படியாச்சும் ஊருக்குப் போயிரணும்னு ராசா துடிக்கிறான், தப்பிச்சு ஓடி மாட்டிக்கிறான், கால் நரம்ப வெட்டி விட்டுடறாங்க, நாம படம் பூரா இவங்க ரெண்டு பேரும் எப்படா சேருவாங்கன்னு ஏங்கிட்டே இருக்கோம். கடைசில சேர்றாங்க. புதுசா ஒரு கூட்டத்த கங்காணி கூட்டிட்டு வர்றாரு, அதுல அங்கம்மா புள்ளையோட வர்றா, புருஷனப் பாக்கப் போறோம்னு நம்பி வந்துட்டா. நியாயமாரேன்னு கத்திட்டு இந்த நரகக்குழியில நீயும் வந்து விழுந்துட்டியேன்னு ராசாவா நடிச்ச அதர்வா கதறும்போது, நாம எது நடக்கணும்னு ரெண்டு மணி நேரமா வேண்டிக்கிட்டு இருந்தோமோ அது நடந்ததுதான் நம்மள உடைக்குது. இப்படி ஒரு முடிவ எழுதி, அதுக்காகவே முன்னாடி இருக்கற ஒவ்வொரு காட்சியையும் அடுக்குன படத்துக்கு தங்கத்தாமரை குடுக்காம வேற எதுக்குக் குடுக்கறது?

அதர்வாவுக்கு இது மூணாவது படம், நம்பவே முடியாது. தன்ஷிகா இன்னும் ஒரு படி மேல, புருஷன் ஓடிப்போனதால அவன் கடனையும் சேத்து சுமக்கற மரகதமா மொதல்ல எரிஞ்சு விழுந்துட்டு கொஞ்சம் கொஞ்சமா இளகுறது அவ்ளோ உண்மையா இருக்கு. நாஞ்சில் நாடன் வசனம், வைரமுத்து எழுதுன செங்காடே பாட்டு ரெண்டும் மனச விட்டுப் போகாது. அங்கம்மாவா வர்ற வேதிகாவோட சேட்டை மட்டும் ஆரம்பத்துல சில எடத்துல அளவுக்கு மீறிப் போகுது.

ஒரு பெரிய குறை இருக்கு, அத மறைக்க மாட்டேன். தோட்டத்துக்கு ஒரு டாக்டர் வருவாரு, அவர மதம் மாத்த ஆடிப்பாடுற ஆளா காட்டிட்டாங்க. இந்தக் கதையையே நமக்குக் குடுத்தவர் ஒரு கிறிஸ்தவ டாக்டர், அந்த ஜனங்களுக்காக உழைச்சவர், அவர் எழுதுன கதையில இருந்து எடுத்த படத்துல ஒரு டாக்டர இப்படி காட்டுனது எனக்கு இன்னைக்கும் வலிக்குது. அந்தப் பாட்டு வரும்போது படம் தன் கோபத்த தப்பான ஆள்மேல திருப்பிருச்சு. கங்காணியும் துரையும் செஞ்சத காட்டும்போது இருந்த நிதானம் இங்க இல்ல. அந்தப் பத்து நிமிஷத்த கழிச்சுட்டுப் பாத்தாலும் என் முடிவு மாறாது.

எங்க அப்பாயி வால்பாறை பக்கம் எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து பறிச்சவங்க. இந்தப் படம் டிவியில வந்தப்ப பக்கத்துல உக்காந்து பாத்தாங்க. அட்டை கடிக்கிற காட்சில தன்னையறியாம கால தடவிக்கிட்டாங்க, வேற ஒண்ணும் பேசல. கடைசி காட்சில நாங்க எல்லாரும் அழுதுட்டோம், அப்பாயி அழல. டிவிய நிறுத்துனப்புறம் கேட்டாங்க, “ஏஞ்சாமி, அந்தக் கொழந்தைக்கு எத்தன வயசிருக்கும்?”

“ரெண்டு மூணு இருக்கும் அப்பாயி.”

“நான் வரும்போது அதவிட கொஞ்சம் பெருசு”ன்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டாங்க.