300 வாட் ஓடை டர்பைன்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

ஓடைத் தண்ணீரால் சுற்றிக் கரண்ட் தரும் சின்ன மெஷின் இது. ஜொகூரில் தோட்டமும் வற்றாத ஓடையும் இருந்தால் இந்தச் சாமானை யோசிக்கலாம். சிங்கப்பூரில் புளோக் பின்னால் இருக்கும் லோங்காங்கில் (வடிகாலில்) வைக்க நினைத்தால் இப்போதே விட்டுவிடுங்கள்: மழை நின்றால் அதிலுள்ள தண்ணீரில் கணுக்கால்கூட நனையாது. சிங்கப்பூரின் தண்ணீர் நிறுவனமான பியூபியின் அனுமதியில்லாமல் அங்கே கைவைக்கவும் முடியாது.

லேபிளில் 300 வாட், 1.5 மீட்டர் வீழ்ச்சி (மேல்தண்ணீருக்கும் கீழ்த்தண்ணீருக்கும் உள்ள உயர வித்தியாசம்), நொடிக்கு 35 லிட்டர் என்று போட்டிருக்கிறது. கணக்குப் பாருங்கள்: 9.81 (புவியீர்ப்பு) × 35 × 1.5 = 515 வாட். அது தண்ணீரில் இருக்கும் மொத்தச் சக்தி. இந்த விலைக்கு வரும் மெஷினில் பாதி கிடைத்தாலே நல்லது; 200 முதல் 250 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குறைவுதான், ஆனால் 24 மணி நேரமும் வரும். 200 வாட் என்றாலும் ஒரு நாளைக்கு 4.8 யூனிட்.

வாங்குமுன் ஓடையை அளக்க வேண்டும். நேராக ஓடும் 5 மீட்டர் இடத்தில் ஒரு குச்சியை மிதக்கவிடுங்கள். அகலம் 0.6 மீட்டர், ஆழம் 0.2 மீட்டர், குச்சி கடக்க 12 நொடி என்றால், அடிமட்டத்தில் ஓட்டம் மெதுவாக இருப்பதற்காக 0.7ஆல் பெருக்கிய பிறகு சரியாக 35 லிட்டர் வரும். வறண்ட மாதத்தில் அளந்ததே கணக்கு.

கீழ்க்குழாயில்தான், அதாவது புரொப்பெல்லரைக் கடந்த தண்ணீர் கீழே இறங்கும் குழாயில்தான், பலர் கோட்டை விடுகிறார்கள். அதன் வாய் எப்போதும் கீழ்த்தண்ணீரில் ஒரு சாணாவது மூழ்கியிருக்க வேண்டும். வாய் வெளியே தெரிந்தாலோ, இணைப்பில் காற்று புகுந்தாலோ உறிஞ்சல் போய்விடும். புரொப்பெல்லர் சுற்றும், கரண்ட் வராது. இணைப்புகளைச் சிலிக்கோன் போட்டு அடையுங்கள்.

பெட்டியில் கன்ட்ரோலர் (சுமையைச் சமமாக வைக்கும் கருவி) கிடையாது. பெரிய குறை இது. எல்லா விளக்கையும் அணைத்தால் சுமை போய் மெஷின் தறிகெட்டு ஓடும், வோல்டேஜ் எகிறும், அடுத்து போடும் பல்பு புகையும். மிச்சக் கரண்டைத் தின்ன ஒரு ஹீட்டரும் அதற்கான கன்ட்ரோலரும் தனியே வாங்க வேண்டும். இலை தடுக்கும் கம்பி வலையும் நீங்கள்தான் அடிக்க வேண்டும்: 20 மில்லிமீட்டர் இடைவெளி, கம்பிகள் மேல்கீழாக, குறுக்கே வைத்தால் இலையை வாரி எடுக்க முடியாது. மணல் வந்தால் அடிப்பேரிங் தேயும், அதனால் முன்னால் ஒரு வண்டல் தொட்டி. பேரிங்கில் பொறித்திருக்கும் நம்பரைக் குறித்து, ஒரு செட் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

பருவமழையில் கரண்ட் கூடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேல்மட்டத்தைவிடக் கீழ்மட்டம் வேகமாக ஏறி வீழ்ச்சியைத் தின்றுவிடும். ஜெனரேட்டர் தலை வெள்ள மட்டத்துக்கு மேலே நிற்கவில்லையென்றால், நவம்பரிலேயே கழற்றி வைப்பது நல்லது.