கொட்டகையில் கட்டிய மூன்று சக்கர வண்டி: ஆறு வருட ஓட்டம்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோட்டத்து வீடான சாளையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பத்தடிக்குப் பதினாறடி. முன்பு மாட்டுத் தீவனம் அடுக்கிய இடம். 2018இலிருந்து அதுதான் என் பட்டறை. இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின், நாலு இஞ்ச் கிரைண்டர், ஸ்டாண்டில் மாட்டிய டிரில்லிங் மிஷின், ஒரு வைஸ், அவ்வளவுதான் சாமான். கடைசல் வேலை வந்தால் ஊருக்குள் இருக்கும் லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்விடுவேன்.

இதுவரை இங்கே கட்டியது இரண்டு. நின்றபடி ஓட்டும் சின்ன ஸ்கூட்டர் ஒன்று, தேங்காய் ஏற்றும் மூன்று சக்கர வண்டி ஒன்று. மூன்று சக்கர வண்டி ஆறு வருடமாகத் தோப்புக்குள் ஓடுகிறது. வேலையை ஆரம்பிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, எந்த எஞ்சின் போடலாம் என்றுதான். நானும் அதைத்தான் மாதக்கணக்கில் யோசித்தேன். ஆனால் என் நேரத்தையும் காசையும் தின்றது எஞ்சினுக்கும் தரைக்கும் நடுவில் இருக்கிற செயினும் அச்சும் பிரேக்கும்தான்.

ஸ்கூட்டரிலேயே அது தெரிந்துவிட்டது. பழைய புல்வெட்டி மிஷினின் 43 சிசி டூ ஸ்ட்ரோக் எஞ்சின், பத்து இஞ்ச் சக்கரம், ஸ்கொயர் பைப் சட்டம். எஞ்சின் பக்கச் செயின் சக்கரத்தில் 9 பல், வண்டிச் சக்கரத்துப் பக்கம் 54 பல், நேராக ஒரே செயின். ஸ்டார்ட் ஆனது, நகர்ந்தது, இருபதடி போவதற்குள் கருகல் வாடை. கிளட்ச் லைனிங் வெந்துவிட்டது. லைனிங் மட்டமான சரக்கு என்று நினைத்து வேறு வாங்கிப் போட்டேன். அதுவும் ஒரே நாளில் போயிற்று.

அப்புறம்தான் நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். இந்த எஞ்சினில் இருப்பது சுற்று ஏற ஏற விரிந்து டிரம்மைப் பிடிக்கிற கிளட்ச். முழுப்பிடி பிடிக்க நிமிடத்துக்கு 4,000 சுற்றாவது வேண்டும். 54ஐ 9ஆல் வகுத்தால் 6. அப்படியென்றால் 4,000 சுற்றில் சக்கரம் 667 தடவை சுற்றும். பத்து இஞ்ச் சக்கரம் ஒரு சுற்றுக்கு 80 சென்டிமீட்டர் போகும். கணக்குப் போட்டால் மணிக்கு 32 கிலோமீட்டர். அதாவது வண்டி 32ஐத் தொடும்வரை கிளட்ச் வழுக்கிக்கொண்டேதான் இருக்கும். தோப்புக்குள் நான் 32இல் எங்கே போவது? நடுவில் ஒரு ஷாஃப்ட் வைத்து இன்னும் மூன்று மடங்கு இறக்கினேன். இப்போது பத்தரைக் கிலோமீட்டரிலேயே கிளட்ச் பிடித்துவிடுகிறது, 7,000 சுற்றுக்கு விரட்டினால்கூட 19ஐத் தாண்டாது. அதற்குப் பிறகு லைனிங் மாற்றவே இல்லை. புதிதாகக் கட்டுகிறவர்கள் பைப்பை வெட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பத்து நிமிட வேலை. எனக்கு இரண்டு லைனிங்கும் மூன்று வாரமும் போயின.

ஸ்கூட்டரில் வேறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அதிர்வில் நட்டு கழன்றுகொண்டே இருந்தது. நைலான் வளையம் வைத்த நட்டு போட்டேன், எஞ்சினுக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்தேன், நின்றுவிட்டது. மோட்டார் ரூமுக்குப் போய்வர இன்றும் அதுதான்.

மூன்று சக்கர வண்டிக்கு வருகிறேன். எங்களுக்கு 45 நாளுக்கு ஒரு வெட்டு. மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு தோப்புக்குள் நடக்க முடியவில்லை, விழுந்த காயை மரத்தடியிலிருந்து களத்துக்குச் சேர்க்கவும் ஆள் கிடைப்பதில்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வண்டி என்றுதான் 2019 கடைசியில் தொடங்கினேன். கோவை உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து டிவிஎஸ் எக்ஸ்எல் சூப்பர் ஒன்று பிடித்தேன். 69.9 சிசி, டூ ஸ்ட்ரோக். பழைய வண்டி வாங்கும்போது ஆர்சி ரத்தான தாளும் கடை பில்லும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின்னால் வம்பில்லை.

மொபெட்டின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை அறுத்துவிட்டு, ஒன்றரை இஞ்ச் ஸ்கொயர் பைப்பில் பெட்டிச் சட்டம் கட்டினேன். பழைய குழாயும் புதுச் சட்டமும் சேருகிற இடத்தில் உள்ளே ஆறு இஞ்ச் நீளத்துக்கு ஒரு குழாயைச் சொருகி, அதற்கு மேல் வெல்டிங் வைத்தேன். அந்த இணைப்பு இன்றுவரை அசையவில்லை. பைப் 2 மி.மீ. கனம், அதற்கு 2.5 மி.மீ. வெல்டிங் ராடு சரியாக இருந்தது. 3.15 ராடு வைத்தால் ஓட்டை விழுந்தது. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். முதலில் கையிலிருந்த ஜிஐ பைப்பை வைத்து மதியம் பூராவும் கொட்டகைக்குள் வெல்டிங் அடித்தேன். அன்று ராத்திரி குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம், வாயெல்லாம் இரும்புக் கசப்பு. துத்தநாகப் பூச்சு எரிந்து வந்த புகைதான் காரணம். அன்றிலிருந்து கறுப்புப் பைப் மட்டும்தான், வெல்டிங்கும் கொட்டகைக்கு வெளியே வைத்துத்தான்.

பின் அச்சுக்கு 25 மி.மீ. ஈஎன்8 எஃகு ராடு, அதைத் தாங்கிச் சுழலவிட யூசிபி 205 பிளம்மர் பிளாக் என்ற பேரிங் கட்டை இரண்டு, சக்கரத்தை அச்சோடு பூட்ட 8 மி.மீ. சாவி என்ற இரும்புக் கட்டை, இரண்டு பக்கமும் மொபெட் சக்கரம். இரண்டு சக்கரத்துக்கும் நடு அகலம் 90 சென்டிமீட்டர். எஞ்சினுக்கும் அச்சுக்கும் இடையில் 14 பல்லுக்கு 35 பல் வைத்து இரண்டரை மடங்கு கூடுதலாக இறக்கினேன். சாலையில் 50 போகிற எஞ்சின் இதில் 20க்கு மேல் போகாது. 120 உரிக்காத காய், அதாவது சுமார் 150 கிலோ, ஏற்றிக்கொண்டு வாய்க்கால் மேட்டை முக்காமல் ஏறியது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

முதல் வருடம் இரண்டு பின்சக்கரத்தையும் அச்சோடு சாவி போட்டு இறுக்கி வைத்திருந்தேன். செம்மண்ணில் ஒன்றும் தெரியவில்லை. களத்து சிமெண்டுத் தரையில் திரும்பினால்தான் டயர் கிறீச்சிட்டு, வண்டி திரும்ப மறுத்து நேராகவே போகப் பார்க்கும். இது ஏன் என்று ஒரு கணக்கில் தெளிவாகிவிடும். வண்டி ஒரு முழு வட்டம் அடித்தால் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிட 5.65 மீட்டர் அதிகம் ஓடவேண்டும். வட்டம் பெரிதானாலும் சிறிதானாலும் 90 சென்டிமீட்டர் அகலத்துக்கு இந்த வித்தியாசம் மாறாது. ஒரே அச்சில் பூட்டிய சக்கரங்களால் அது எப்படி முடியும்? ஏதாவது ஒன்று தரையில் தேயத்தான் வேண்டும். எட்டு மாதத்தில் இரண்டு டயரும் வழவழவென்று ஆகிவிட்டன.

சரி என்று வலது சக்கரத்தை அச்சிலிருந்து விடுவித்தேன். புஷ் வைத்துத் தன்பாட்டுக்குச் சுற்ற விட்டு, இடது சக்கரத்துக்கு மட்டும் இழுவை. திருப்பம் பட்டுப்போல ஆயிற்று. ஆனால் நான் பின்பிரேக் டிரம்மை அச்சு நடுவில் வைத்திருந்தேன். அச்சோடு இப்போது பூட்டியிருப்பது இடது சக்கரம் மட்டும். அப்படியானால் வலது பக்கம் பின்பிரேக்கே இல்லை. திருப்பம் நன்றாக வந்ததைப் பார்த்த நான் இதைப் பார்க்கவில்லை.

மாமா முதல் நாளே சொன்னார்: “மாப்ள, பிரேக்க மிதிச்சா எடது பக்கமா இழுக்குது பாரு.”

“சரிங்க மாமா, ஞாயித்துக்கெழம பாத்துடறனுங்க” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே, வெள்ளிக்கிழமை, கிணற்று மேட்டிலிருந்து நூறு காயோடு அவர் இறங்கியிருக்கிறார். ஆக்சிலேட்டரை விட்டதும் எஞ்சின் சுற்று இறங்கியது, கிளட்ச் தானாக விட்டுக்கொண்டது. கியர் வண்டி மாதிரி எஞ்சின் பிடித்து நிறுத்தும் என்ற பேச்சே இந்தக் கிளட்ச்சில் இல்லை, சரிவில் வண்டி சும்மா உருளும். பிரேக்கை மிதித்தால் இடது சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு மண்ணில் சறுக்கியது. வரப்பில் முட்டி நின்றது. காய் சிதறியதோடு சரி, மாமாவுக்கு ஒன்றுமில்லை. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் இறங்காமல் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். “ஒண்ணுமில்ல கண்ணு, பயப்படாத” என்று எனக்குத்தான் தைரியம் சொன்னார். அந்த வாரம் வண்டியை யாரும் தொடக் கூடாது என்று சாவியை எடுத்துக்கொண்டேன்.

இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி டிரம் பிரேக் வைத்தேன். ஒரே பெடலில் இரண்டு கேபிளை அப்படியே கட்டினால் ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். அதற்குத் தராசுத் தண்டு மாதிரி எட்டு இஞ்ச் பட்டைக் கம்பி ஒன்று. பெடல் கம்பி அதன் நடுவில் இழுக்கும், இரண்டு முனையிலும் இரண்டு கேபிள். ஒரு பக்க லைனிங் தேய்ந்திருந்தால் தண்டு அந்தப் பக்கம் சாய்ந்து, இரண்டுக்கும் சமமாக இழுவை போகும். தண்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தே எந்த லைனிங் தேய்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். கூடவே பெடலைப் பிடித்துவைக்க ஒரு கொக்கி, சரிவில் நிறுத்த. இந்த வண்டியில் நான் செய்த வேலைகளில் இதுதான் உருப்படியானது என்பேன்.

ஒற்றைச் சக்கர இழுவையில் ஒரு குறை உண்டு. அந்தச் சக்கரம் ஈரப் பாத்தியில் மாட்டினால் வண்டி நகராது. அதற்கு வலது சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் ஒரு துளை போட்டு, ‘பின்’ என்கிற இரும்பு முளையைக் குத்தினால் சக்கரம் அச்சோடு பூட்டிக்கொள்கிற மாதிரி செய்தேன். மாட்டினால் இறங்கிப் பின்னைச் சொருகுவது, வெளியே வந்ததும் எடுத்துவிடுவது.

2022இல் எஞ்சினை மாற்றினேன். மொபெட் எஞ்சின்மேல் குறையே இல்லை, நான்தான் அதற்கு ஒவ்வாத வேலை கொடுத்தேன். அது ஓடுகிற காற்றில் குளிர்கிற எஞ்சின். மணிக்கு எட்டுக் கிலோமீட்டரில் 150 கிலோவோடு ஊர்ந்தால் காற்று எங்கிருந்து வரும்? சித்திரை வெயிலில் அரைமணிக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிட வேண்டியிருந்தது. இப்போது இருப்பது பழைய 102 சிசி ஹோண்டா ஆக்டிவா எஞ்சின். உள்ளேயே விசிறி இருப்பதால் நின்றுகொண்டு ஓடினாலும் குளிரும். பெல்ட்டில் விகிதம் தானாக மாறுகிறது. பின்சக்கரம் மாட்டுகிற ஷாஃப்டில் ஹப் கடைந்து 13 பல் மாட்டி, அச்சில் 39 பல். ஆக்சிலேட்டர் கேபிளில் ஒரு தடுப்பு ஸ்க்ரூ வைத்து 15க்கு மேல் போகாமல் செய்துவிட்டேன். மூன்று சக்கர வண்டி பைக் மாதிரி திருப்பத்தில் உள்ளே சாயாது, வெளியேதான் கவிழப் பார்க்கும். அதனால் சுமையும் முன்னால் ஏறாமல், பின் அச்சுக்கு மேல், தாழ்வாக இருக்கவேண்டும். எங்கள் பெட்டியின் தரை முழங்கால் உயரம்கூட இல்லை.

பராமரிப்பில் அடிக்கடி படுத்தியது பிளம்மர் பிளாக்கில் அச்சை இறுக்கிப் பிடிக்கிற சின்ன ஸ்க்ரூ. கழன்று அச்சில் பள்ளம் அரைத்துவிட்டது. அச்சில் டிரில் முனையால் குழி வைத்து, ஸ்க்ரூ அதில் போய் உட்காரும்படி இறுக்கினேன், அப்புறம் கழலவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ். செயின் 428. புதிதில் 20 கண்ணி 254 மி.மீ. இருக்கும், 259ஐத் தொட்டால் மாற்றிவிடுகிறேன். ஆறு வருடத்தில் இது மூன்றாவது செயின். எங்கள் மண்ணுக்குச் செயினில் எண்ணெய் வழிய விடக் கூடாது, புழுதி ஒட்டி அரைக்கும். டீசலில் துடைத்து, துணியில் தொட்டு லேசாகத் தடவினால் போதும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்து வருவதால் ஈரத்தை இழுக்கிறது. வாரக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் டியூபை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டுக் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுகிறேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இந்த வண்டி எங்கள் வேலியைத் தாண்டுவதில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றிச் சாலையில் ஓட்ட முடியாது. நாலு சக்கரத்துக்குக் குறைவாகவும் 25 சிசிக்கு மேற்படாமலும் இருந்தால் அந்தச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற கணக்கில் வராது. என் ஸ்கூட்டரே 43. கால் முடியாதவர்களுக்காகச் சாலையில் ஓட்ட வண்டி வேண்டுமென்றால் ஆர்டிஓ அனுமதியோடு மாற்றி அமைக்க வழி இருக்கிறது, அப்படியே போங்கள்.

போன வெட்டுக்கு வலது ஹப் புஷ் ஆடத் தொடங்கியிருந்தது. புது வெண்கலப் புஷ் கடைந்து வாங்கி, போன ஞாயிறு மாட்டினேன். மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஆட்டம் இல்லை. பிரேக் பெடலை ஒரு தடவை அமுக்கி, குனிந்து தராசுத் தண்டைப் பார்த்தார். நேராக நின்றது. “செரி, சாவியக் குடு” என்றார்.