சுங்கை சிப்புட்டில் கார் கைமாற்றுபவர்களுக்கு: ஒரு ரன்னர் கடையும் அதன் முன்பணத் தாளும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் டவுனில் இன்சூரன்ஸ், ரோட் டெக்ஸ் புதுப்பித்துக் கொடுக்கும் சின்னக் கடைகள் சில இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். இரண்டு மேசை, ஒரு பிரிண்டர், சுவரில் முருகன் காலண்டர், அவ்வளவுதான் கடை. இவர்கள் கார் விற்பதில்லை. தனி ஆட்கள் இருவர் தங்களுக்குள் கார் வாங்கி விற்கும்போது நடுவில் நின்று வேலையை முடித்துக் கொடுக்கிறார்கள். இப்படி நமக்காக அலைந்து முடிப்பவர்களைத்தான் ரன்னர் என்கிறோம். ஈப்போவில் உள்ள புஸ்பாகோம் வாகனச் சோதனை மையத்தில் நேரம் பதிவு செய்வது, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயில் பெயர் மாற்றக் கூடவே வருவது எல்லாம் மற்ற ரன்னர்களும் செய்கிற வேலை. முன்பணத்துக்கு இவர்கள் எழுதும் தாள்தான் வேறு எங்கும் நான் பார்க்காதது.

நான் விற்றது 2014 மைவி, 1.3 ஆட்டோ. கடன் முடிந்து கிராண்ட் (கார் உரிமைச் சான்று) என் பெயரில் சுத்தமாக இருந்தது. லிந்தாங் சாலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருக்கும் தம்பி பார்க்க வந்தான். ஈப்போவில் தொழிற்சாலை வேலை. ஓட்டிப் பார்த்தான், பிடித்துவிட்டது, 19,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) பேசி முடித்தோம். ஆயிரம் வெள்ளி முன்பணம் தருகிறேன், பேங்க் கடன் வரும்வரை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள் டீச்சர் என்றான். சரி, வாட்சாப்பில் பேசியதை நம்பிக் காசு கைமாற வேண்டாம் என்று அவனையும் கூட்டிக்கொண்டு இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் தாளை மலாயில் அடித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக் காட்டினார். இருவரின் ஐசி (அடையாள அட்டை) எண், காரின் சேஸிஸ் எண், பேசிய விலை, எந்தத் தேதிவரை காரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பதெல்லாம் இருந்தது. அதற்குக் கீழேதான் முக்கியமான பகுதி. பேங்க் கடன் கொடுக்க மறுத்தால், அந்தக் கடிதத்தைக் காட்டியதும் சோதனைச் செலவு போக முழுப் பணமும் திரும்ப வேண்டும். வாங்குபவர் மனம் மாறினால் விற்பவருக்கு உண்மையில் என்ன நஷ்டமோ அதை மட்டும் கழித்து மீதியைத் தர வேண்டும். நஷ்டம் முன்பணத்தைத் தாண்டினாலும் அதற்கு மேல் ஒரு காசு கேட்கக் கூடாது. விற்பவர் மனம் மாறினால் முழுப் பணத்தோடு வாங்குபவர் செய்த செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கணக்கு எப்போது முடியும் என்பதும் எழுதியிருந்தது: கார் வேறு ஒருவருக்கு விற்ற பிறகு, அல்லது முப்பது நாளில், எது முதலில் வருகிறதோ அது.

கடனும் கிடைத்துவிட்டது. அப்புறம்தான் தம்பி செய்தி அனுப்பினான். கோலகங்சாரில் அவன் மாமாவுக்குத் தெரிந்தவரின் கார் குறைந்த விலைக்கு வருகிறதாம், மன்னிச்சிடுங்க டீச்சர் என்று.

எனக்குக் கோபம்தான். பேங்க் கைவிட்டிருந்தால் அது வேறு. இது மனம் மாறிய கதை. என் கொழுந்தன், "அண்ணி, முன்பணம்னா என்ன அர்த்தம்? வேணாம்னா போச்சு, அவ்வளவுதான்" என்றார். பள்ளிக்கூடத்திலும் பலர் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காரை நிறுத்தி வைத்த நாள்களில் வந்தவர்களை எல்லாம் நான்தான் திருப்பி அனுப்பினேன். முன்பணத்துக்கு ஒரு பயமும் இல்லையென்றால் ஒருவனே நாலு காருக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் பிடித்ததை எடுத்துக்கொண்டு போவான்.

ஆனாலும் ஆயிரம் வெள்ளி என்பது தோட்டத்து வீட்டில் சின்னத் தொகை இல்லை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்ச சம்பளத்தை உயர்த்தியபோதுகூட அது மாதம் 1,700 வெள்ளிதான். என் நஷ்டம் ஆயிரமாக இருந்தால் ஆயிரத்தையும் கூசாமல் எடுத்துக்கொள்வேன். நஷ்டமே இல்லாத பணத்தை, அது என் கையில் இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இந்த இடத்தில்தான் கடை எனக்கு உண்மையாக உதவியது. அண்ணன் கால்குலேட்டரை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். சோதனைக் கட்டணம் 30 வெள்ளி, காரை ஈப்போவுக்கு ஓட்டிப் போன கூலி 50. இரண்டும் வாங்குபவர் பொறுப்பு என்று தாளில் இருந்தது, முதலில் நான் கொடுத்திருந்தேன். ரசீதைப் பார்த்துக் கழித்தார். பிறகு கார் வேறொரு குடும்பத்துக்கு 19,500-க்குப் போனது. அந்த 300 வெள்ளி வித்தியாசத்தையும் சேர்த்துக்கொண்டார், ஆனால் அவசரப்பட்டு விலையை இறக்கினேனா, கேட்டவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்று செய்திகளைப் பார்த்த பிறகுதான். இடையில் ஒருவர் 20,200 தருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதையும் நஷ்டத்தில் சேர்க்க வேண்டும் என்று நான் வாதாடினேன். அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "டீச்சர், தம்பி வாங்கியிருந்தாலும் உங்களுக்கு 19,800தான் வந்திருக்கும். அதுக்கு மேல உள்ள 400 அவனால போனது இல்லை" என்றார். யோசித்துப் பார்த்தால் அது சரிதான். அலைச்சல், மன உளைச்சல் இதற்கெல்லாம் அவர் தாளில் இடமே இல்லை. மொத்தம் 380 கழித்து 620 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். மொத்தமும் போய்விட்டது என்று நினைத்துத்தான் தம்பி வந்திருந்தான்.

சட்டத்தைப் பற்றியும் அண்ணன் ஒளிக்காமல் சொன்னார். இந்தத் தாள் எழுதாமல் இருந்திருந்தாலும் முழுதையும் வைத்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை என்று அவர் பயமுறுத்தவில்லை. 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 75-ஆவது பிரிவு, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான ஈட்டுத்தொகை என்கிறது. முன்பணத்தைப் பிடித்து வைப்பதற்கும் அந்தப் பிரிவு பொருந்தும் என்று 2018-ல் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. பிடித்த தொகை நியாயமில்லை என்று காட்டுவது பணத்தை இழந்தவரின் பொறுப்பு. ஆகவே தாள் இல்லாதிருந்தால், ஆயிரம் என்பது கார் விலையில் இருபதில் ஒரு பங்குதான் என்று நான் வாதாடியிருக்கலாம், வென்றும் இருக்கலாம். தம்பி விடாமல் போனால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில், 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்காக, வக்கீல் இல்லாமல் போட வேண்டும். பயனீட்டாளர் தீர்ப்பாயம் இதற்கு உதவாது, நான் வியாபாரி இல்லையே. ஆயிரம் வெள்ளிக்காக இரண்டு குடும்பமும் லீவு போட்டுக்கொண்டு கோர்ட் வாசலில் நிற்பதைவிட முப்பது வெள்ளி கொடுத்து எழுதும் இந்தத் தாள் எவ்வளவோ மேல்.

கார் வியாபாரிகளிடம் வாங்கினால் கதை வேறு, இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். தவணையாகக் கட்டும் வாடகைக் கொள்முதல் கடனில் எடுக்கும்போது வியாபாரி வாங்கும் புக்கிங் பணம் விலையில் ஒரு விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. ரத்தானால் அதில் 90 விழுக்காட்டைத் திருப்பித் தர வேண்டும். என் தங்கை வேறு ஊரில் ஒரு கடையில் 500 வெள்ளியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். இது தெரிந்திருந்தால் கேட்டு வாங்கியிருப்பாள்.

கடையில் குறை இல்லாமல் இல்லை. முன்பணத்தை அண்ணன் தன் கையில் வாங்கி வைப்பதில்லை, நேராக விற்பவர் கணக்குக்குத்தான் போகிறது. நான் திருப்பிக் கொடுத்தேன், இன்னொருவர் கொடுப்பார் என்று தாள் மட்டும் உறுதி சொல்ல முடியாது. அடுத்தவர் பணத்தை வைத்துக்கொள்ளத் தனக்கு அனுமதி இல்லை என்கிறார். அதையும் மதிக்கிறேன், ஆனால் வாங்குகிறவர்களுக்கு அது ஒரு பலவீனம்தான். தாளைத் தமிழிலும் அடித்துக் கொடுக்க வேண்டும். வாயால் சொல்வதை எத்தனை பேர் வீடு போகும்வரை நினைவில் வைத்திருப்பார்கள்? சனிக்கிழமை காலையில் கூட்டம் தாங்காது. மத்தியானம் சாப்பாட்டுக்கு மூடினால் எப்போது திறப்பார்கள் என்று எழுதி மாட்டுவதும் இல்லை.

தாளுக்கு 30 வெள்ளி, அதை நாங்கள் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டோம். பெயர் மாற்றத்துக்குக் கூட வர 150, ஜேபிஜே கட்டணம் 100 தனி. காசும் எடுக்கிறார்கள், கியூஆரும் இருக்கிறது. ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன், அந்தத் தாள் தமிழிலும் வந்தால் ஐந்து.

போகும்போது கிராண்ட், இருவரின் ஐசி, கடன் பாக்கி இருந்தால் பேங்க் கடிதம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வாங்குபவரையும் கையோடு கூட்டிப் போங்கள். ஒருவர் மட்டும் போய் உட்கார்ந்தால் அண்ணன் தாள் எழுத மாட்டார்.