சென்னையிலிருந்து யாழ்ப்பாணம்: பலாலியா, கட்டுநாயக்காவா?

பங்குனியில் அக்காவின் மகளுக்குச் சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு விழா). 74 வயது அம்மாவை சென்னை வளசரவாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாண விமான நிலையமான பலாலிக்கு நேரே பறக்கலாம், இல்லையென்றால் கொழும்பு விமான நிலையமான கட்டுநாயக்காவில் இறங்கி வான் (வேன்) பிடிக்கலாம். நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பலில் நான் ஏறியதில்லை, அதனால் அந்தக் கதை இங்கே வேண்டாம்.

சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது பலாலி. வான்வழித் தூரம் சுமார் 355 கி.மீ. கட்டுநாயக்கா 650-ஐ ஒட்டி வரும். ஆனால் பறக்கும் நேரம் இரண்டுக்கும் ஒன்றேகாலிலிருந்து ஒன்றரை மணிதான். காரணம், பலாலிக்குப் போவது ஏடிஆர் 72, மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் விசிறி விமானம். கொழும்புக்குப் பெரும்பாலும் ஜெட். இதைப் பார்த்துவிட்டுத்தான் சொந்தக்காரர் பலர், "ரெண்டும் ஒண்டுதானே, கொழும்பாலயே வாங்கோவன்" என்கிறார்கள்.

ஒன்றே இல்லை. சென்னையையும் கட்டுநாயக்காவையும் கோடு போட்டு இணைத்துப் பாருங்கள், அந்தக் கோடு யாழ்ப்பாணத்தின் மேலேயே போகும். ஊரைத் தாண்டிப் போய் இறங்கி, அதே தூரத்தைத் தரையில் வடக்கே திரும்ப ஏறுகிறோம். புத்தளம், அனுராதபுரம், வவுனியா என்று 350 கி.மீ.க்கு மேல். 2018-இல் நல்லூர்த் திருவிழாவுக்கு இப்படித்தான் போனோம், அப்போது பலாலியில் வெளிநாட்டு விமானம் கிடையாது. வான் ஓட்டம் மட்டும் ஏழரை மணி நேரம். வவுனியாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது அம்மாவால் முழங்காலை நீட்டி இறங்க முடியவில்லை. ஆனையிறவு தாண்டும்போது செருப்பு காலில் ஏறாத அளவுக்குப் பாதம் வீங்கியிருந்தது. வீட்டுப் படியிலிருந்து வீட்டுப் படிக்கு 14 மணி நேரம்.

இந்த முறை பலாலி. ஏடிஆரின் கதவோடு சேர்ந்த சின்னப் படி, தரைக்குக் கிட்டத்தான். அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கினார். கட்டடம் சிறியது. குடிவரவு முடிந்து, பெட்டி எடுத்து வெளியே வர முக்கால் மணி. பிறகு செம்மண் தோட்டங்களுக்கு நடுவே அரை மணி ஓட்டம். காலையில் வளசரவாக்கத்தில் பூட்டிய கதவிலிருந்து உரும்பிராயில் அக்கா வைத்த புட்டு வரை ஆறு மணி நேரம். முன்பு வந்து சேர்ந்த அன்று படுத்தவர் அடுத்த நாள் மதியம்தான் எழுந்தார். இந்த முறை பின்னேரமே கிணற்றடியில் நின்று கதைத்துக்கொண்டிருந்தார். டிக்கெட் விலை வித்தியாசத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் வான் கூலியையும் இந்த ஒரு நாளையும் சேர்த்துப் போட வேண்டும்.

கட்டுநாயக்காவுக்கும் நல்லது உண்டு. விமானங்கள் அதிகம், விரும்பிய நேரத்துக்குப் போகலாம், ஒன்று தவறினால் அடுத்தது இருக்கும். கொழும்பில் வேலை இருப்பவர்களுக்கும் இளவயதுக்காரருக்கும் அது போதும், இரவு பஸ்ஸில் தூங்கியே வந்துவிடலாம். பெட்டி நிறைய சேலையோடு போகிறவர்கள் ஏடிஆரில் எத்தனை கிலோ விடுவார்கள் என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். தலைக்கு மேலுள்ள தட்டும் சிறியது, எங்கள் கைப்பெட்டி காலடியில்தான் இருந்தது.

நான் பலாலி வழியாகப் போனது இந்த ஒரு முறைதான், அதுவும் வெயில் காலத்தில். கார்த்திகை, மார்கழி மாரி மழையில் போகிறவர்கள் விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே போய்ச் சேரும்படி டிக்கெட் போடுங்கள்.