கரி இன்ஜினா, எண்ணெய் இன்ஜினா? குன்னூர் ஷெட் பக்கம் நின்று ஓர் அலசல்

நீலகிரி மலை ரயில் என்று பேச்செடுத்தாலே ரயில் பிரியர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். கரிப்புகை கக்காததெல்லாம் நீராவி இன்ஜினா என்று ஒரு கட்சி. மலையேறினால் சரி, பாய்லரைச் சூடாக்கக் கரிக்குப் பதில் எண்ணெய் எரித்தால் என்ன என்று இன்னொரு கட்சி. இரண்டுமே ஜன்னலோரத்துத் தீர்ப்புகள். வண்டி குன்னூர் வந்து, பயணிகள் டீ குடிக்க இறங்கிய பிறகு அந்த இன்ஜினுக்கு என்ன வேலை காத்திருக்கிறது, மழையில் பாதை அடைபட்டால் அதை எப்படி நிறுத்தி வைப்பது என்று பார்த்தால் கணக்கு மாறுகிறது.

எரிபொருள் எதுவானாலும் இது சாதாரண இன்ஜின் இல்லை. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்ட எக்ஸ் வகுப்பு. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்பதால் நடுவில் பல் தண்டவாளம். சிலிண்டர்கள் நான்கு. இரண்டு சக்கரங்களைச் சுழற்றும். அங்கே வேலை முடித்து அழுத்தம் குறைந்து வரும் அதே நீராவி மற்ற இரண்டுக்குள் போய் பல்சக்கரங்களைச் சுழற்றும். தேய்வதற்கும் எண்ணெய் இடுவதற்கும் ஒரே சட்டத்துக்குள் இரண்டு இன்ஜின்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பல்சக்கரத்தின் ஒரு பல்லில் விரிசல் விட்டாலும் வண்டி கிளம்பக் கூடாது. ஆக, கரியா எண்ணெயா என்பது பாய்லர் பக்கத்துச் சண்டை மட்டும்தான்.

கரி இன்ஜினுக்கு ஓட்டம் முடிந்தபின் பெரிய வேலை இருக்கிறது. கரி எரியும் தட்டில் உருகி இறுகிக் கிடக்கும் கிளிங்கரை உடைத்து வாரி, சாம்பல் தொட்டியைக் காலி செய்து, முன்பக்கப் புகைப்பெட்டியில் குவிந்த கரித்துகளை அள்ளி, குழாய்களைத் துருவ வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் அதிகம் என்பதால் உழைப்பும் அதற்கேற்பக் கூடும். அள்ளாமல் விட்ட சாம்பல் ஈரம் பட்டால் அமிலமாகி, தொட்டியின் தகட்டையும் புகைப்பெட்டியின் அடித்தட்டையும் மெல்ல அரிக்கும். குன்னூரில் ஈரத்துக்கா பஞ்சம்? கோடையில் வேறு கவலை. புகைபோக்கியிலிருந்து பறக்கும் பொறி காய்ந்த காட்டில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் பாய்லருக்குக் கரியைத்தான் பிடிக்கும். தட்டில் பரந்து கிடக்கும் நெருப்பு சட்டென்று சூடேறாது, சட்டென்று ஆறவும் செய்யாது. இரவில் நெருப்பை ஒதுக்கி மூடிவைத்தால் விடியும்வரை பாய்லர் வெதுவெதுப்பாகவே இருக்கும். பாய்லரின் ஆயுளைத் தின்பது வெப்பத்தைவிட வெப்பத்தின் ஏற்ற இறக்கம்தான். செம்பும் எஃகும் ஒரே அளவில் விரிவதில்லை. தடித்த தகடும் மெல்லிய குழாயும் ஒரே வேகத்தில் சுருங்குவதில்லை. குழாய் முனைகளில் கசிவு தொடங்குவது அங்கேதான்.

எண்ணெய் இன்ஜினுக்குக் கிளிங்கரும் இல்லை, மண்வெட்டியும் இல்லை. பர்னர் முனையைச் சுத்தம் செய்து, நெருப்புப்பெட்டியின் உள்ளே பதித்த தீச்செங்கல் சுவரைப் பார்த்து, குழாயில் படிந்த மசியை எடுத்தால் போதும். நெருப்பைக் கைப்பிடியில் கூட்டலாம், குறைக்கலாம். கல்லாறு தாண்டியதும் ஏற்றத்துக்குத் தேவையான நீராவி தட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். கரியின் தரத்தைக் குறை சொல்லி வழியில் ஹில்குரோவ் நிலையத்தில் கூடுதலாக நிற்க வேண்டியதில்லை. மசியும் பிசுபிசுப்பும் உண்டென்றாலும் ஷெட்காரரின் முதுகு தப்பிக்கிறது.

சிக்கல் அந்தக் கைப்பிடியிலேயே இருக்கிறது. பர்னரை அணைத்த நொடியில் நெருப்பு முழுவதுமாகப் போய்விடும். காற்று வாயை மூட மறந்தால் சூடான தகட்டில் குளிர்ந்த மலைக்காற்று அடிக்கும். இறக்கத்தில் இன்ஜினுக்கு அதிகம் நீராவி தேவைப்படாது என்பதால் கூட்டுவதும் குறைப்பதும் அடிக்கடி நடக்கும். தீச்செங்கல் பெயர்ந்தால் சுவாலை ஒரே இடத்தில் குத்தி அங்கே தகட்டைச் சுட்டுவிடும். எரிக்கும் எண்ணெய் ஃபர்னஸ் ஆயில் என்றால் குளிரில் கெட்டியாகிவிடும், சூடாக்கினால்தான் ஓடும். அதில் கந்தகமும் அதிகம். டீசலுக்குச் சூடாக்கும் தொல்லை இல்லை, விலைதான் கூடுதல்.

தினசரி மேட்டுப்பாளையம்–குன்னூர் வண்டிக்கு எண்ணெய் என்பதுதான் என் கட்சி. காரணம் வசதி மட்டுமல்ல. கரி நெருப்பைக் கட்டி வளர்ப்பது ஒரு கைப்பழக்கம். அதை அறிந்த ஃபயர்மேன்கள் ஓய்வு பெறப் பெற, பழக்கமில்லாத கையில் கரி இன்ஜின் எண்ணெய் இன்ஜினைவிட மோசமாக அடிபடும். அதே காரணத்துக்காகவே ஒரு கரி இன்ஜினாவது தவறாமல் ஓட வேண்டும் என்றும் சொல்வேன். ஓடாவிட்டால் கற்றுக்கொள்ள இடமேது? திருச்சி பொன்மலைப் பணிமனை 2011 முதல் எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் இன்ஜின்களைச் செய்தது. பிறகு 2021-இல் கரியில் ஓடும் புதிய ஒன்றையும் செய்து அனுப்பியது. ரசிகர்களைச் சமாதானப்படுத்தத்தான் என்று சிலர் கேலி செய்தார்கள். எனக்கு அது சரியான கூட்டல் கழித்தல் என்றே படுகிறது. புதிய பாய்லர் வந்தால் பழைய ஸ்விஸ் இன்ஜினின் பாய்லருக்கு வாரம் முழுதும் ஏற வேண்டிய கட்டாயம் இல்லை.

பழைய இன்ஜினை ஓய்வில் வைக்கிறோம் என்று சொல்லி எதையும் செய்யாமல் விட்டால் மட்டும் அது ஓட்டத்தைவிட வேகமாகக் கெடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண்சரிந்து கல்லாறு–குன்னூர் பாதை அடைபடுவது இங்கே புதிதில்லை. அப்போது பாய்லரை நிறுத்தி வைக்க இரண்டு வழிகள் உண்டு.

ஈர முறையில், பாய்லரைக் கழுத்துவரை அல்ல, உச்சிவரை தண்ணீரால் நிரப்ப வேண்டும். காரமேற்றிய, கரைந்த காற்றை நீக்கிய தண்ணீர். மேலே காற்று நிற்க இடமே இருக்கக் கூடாது. துரு பிடிப்பது தண்ணீரும் காற்றும் சந்திக்கும் விளிம்பில்தான். பாதித் தண்ணீரோடு விட்டுவிட்டுப் போவதுதான் இருப்பதிலேயே கெட்ட வழி. உலர் முறையில், வெதுவெதுப்பாக இருக்கும்போதே தண்ணீரை வடித்து, உள்ளே சொட்டு இல்லாமல் காயவைத்து, தட்டுகளில் ஈரம் உறிஞ்சும் சுட்ட சுண்ணாம்போ சிலிகா ஜெல்லோ வைத்து மூடி, அவ்வப்போது திறந்து மாற்ற வேண்டும்.

பிரிட்டனின் பாரம்பரிய ரயில்பாதைகளில் பனிக்காலத்தில் உலர் முறைக்கு மதிப்பு; தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும். குன்னூரில் அந்தப் பயம் பெரிதாக இல்லை. இருப்பது பனிமூட்டமும் ஓயாத ஈரமும். உலர வைத்த பாய்லருக்குள் அந்த ஈரம் நுழைந்தால் சுண்ணாம்பு சீக்கிரமே தோற்றுவிடும். மண்சரிவு அடைப்போ எந்த நேரமும் நீங்கலாம். ஈர முறையில் வைத்தால் அளவுக்குத் தண்ணீரை வடித்துவிட்டு நெருப்பு மூட்ட வேண்டியதுதான். எனவே குன்னூரில் ஈர முறை. பெரிய பழுதுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கும் இன்ஜினை மட்டும் அடிவாரத்து மேட்டுப்பாளையத்தில், கூரைக்குக் கீழே, உலர் முறையில் வைப்பது நல்லது. எந்த முறையானாலும் நெருப்புப் பக்கத்தை மறந்துவிடக் கூடாது. மசியைச் சுரண்டி, புகைபோக்கி வாயை மூடி, பிஸ்டன் தண்டுகளில் கிரீஸ் பூசி, சில நாளுக்கு ஒருமுறை இன்ஜினைச் சற்று நகர்த்திவிட வேண்டும்.

பெரிய பழுது என்றால் எங்கே என்பதும் ஒரு போட்டிதான். டார்ஜிலிங்கில் திந்தாரியா பணிமனை மலை ரயில்பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது. நமக்கோ பொன்மலை. மேட்டுப்பாளையம்வரை வரும் பாதை அகலப்பாதை, மலைப்பாதை மீட்டர் கேஜ் என்பதால் இன்ஜினைச் சொந்தச் சக்கரத்தில் அனுப்ப முடியாது. டிரெய்லர் லாரியில் ஏற்ற வேண்டும். பார்த்தால் டார்ஜிலிங் கொடுத்து வைத்தது. ஆனால் 2010-இல் அந்தப் பாதையில் பாக்லாஜோரா என்ற இடத்தில் மலை சரிந்து பாதை அறுந்தபோது, மேலே இருந்த இன்ஜின்கள் பணிமனைக்கு இறங்க வழியில்லாமல் போயின. முழுப் பாதையும் திரும்பியது 2015 டிசம்பரில். லாரிக்குப் பயந்தவருக்கு மலைச்சரிவும் பயம்தான். சிறு வேலைகளை முடிந்தமட்டும் குன்னூரிலேயே முடித்து, பாய்லர் இறக்கும் வேலையை மட்டும் பொன்மலைக்கு விடும் ஏற்பாடு எனக்கு இதைவிடப் பாதுகாப்பாகத் தெரிகிறது.

குன்னூருக்கு மேலே ஊட்டிவரை இழுக்கும் டீசலைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அங்கே பல் தண்டவாளம் இல்லை. அணைத்து நிறுத்தலாம், சாவி போட்டுக் கிளப்பலாம். பராமரிப்புப் போட்டி வைத்தால் டீசலே ஜெயிக்கும், அதற்காக யாரும் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, ஓடி முடித்த இன்ஜின்களை நிலையத்து வாசலில் மேடை கட்டி நிறுத்தும் வழக்கம். பெயின்ட் பளபளக்கும், குழந்தைகள் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்ளும். பாய்லர் மேல் போர்த்திய உறைத் தகட்டுக்கும் பாய்லர் தகட்டுக்கும் நடுவே மழைத்தண்ணீர் தேங்கிக் கிடப்பது வெளியே தெரியாது. பார்வைக்கு வைப்பதென்றால் நாலு கால் ஊன்றி ஒரு தகரக் கூரையாவது போட வேண்டும். உறைத் தகட்டைக் கழற்றி உள்ளே காயவைத்த பிறகே மூட வேண்டும். பழைய மரப்பெட்டிகளுக்கும் இதே விதி, இன்னும் கண்டிப்பாக: தரைப்பலகை ஓரமும் ஜன்னல் அடிக்கட்டையும் ஒரு மழைக்காலம் நனைந்தால் போதும், அடுத்த வருஷம் தச்சருக்குத்தான் வேலை.