வீரவநல்லூர் வீட்டில் உத்தரமும் மட்டப்பாவும் பழுது பார்த்த குழு

பழைய மர வீட்டைச் சரிசெய்ய ஆள் தேடுபவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருநெல்வேலி மாவட்டம் வீரவநல்லூரில் எங்கள் ஆச்சி வீட்டில் வேலை செய்தது சேரன்மகாதேவிப் பக்கத்துக் குழு. ஒரு மூத்த ஆசாரி, அவர் மகன், சுண்ணாம்பு வேலைக்கு ஒரு கொத்தனார், கூடச் சில சித்தாள்கள். கடை, பெயர்ப்பலகை எதுவும் கிடையாது. ஒருவர் சொல்லி இன்னொருவர் கூப்பிடுவதுதான்.

தார்சா என்கிற முன் தாழ்வாரத்தில் மரத்தூண்கள், பட்டாசல் என்கிற கூடத்துக்கு மேலே தேக்கு உத்தரம், நெருக்கமாகக் கட்டைகள், அதன்மேல் கட்டைகுத்து மட்டப்பா, அதாவது மொட்டைமாடித் தளம். சின்னச் செங்கல்லைச் சுண்ணாம்புக் காரையில் குத்தி நிறுத்தி, மேலே செங்கல் ஜல்லி போட்டு அடித்து, தட்டோடு பதித்த தளம். சில வருடங்களுக்கு முன் வேறொரு கொத்தனார் ஈரம் ஏறிய சுவருக்கு சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும்; சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடும். அப்புறம் அந்த ஈரம் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்தரத்து நுனியில் போய்ச் சேரும். அழுகலும் கரையானும் அங்கேதான் ஆரம்பம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார்கள்.

இந்த ஆசாரி முதலில் ஏணி கேட்டார். உத்தரம் நெடுகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். ஓசை மாறிய இடத்தில் உளியை இறக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, சுவத்துக்குள்ள இருக்க நுனி மட்டுந்தான் போயிருக்கு. மத்த மரத்துல கை வைக்கவே வேண்டாம்" என்றார். இவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். பக்கத்துத் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் ஐந்து நிலைகளிலும் மரத்தூணும் மரச்சிற்பமும் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. நல்ல மரம் ஈரம் தங்காமல் இருந்தால் அப்படி நிற்கும். அதைப் போய் ஏன் இடிக்க வேண்டும்?

முட்டு கொடுத்து, அழுகிய நுனியை அறுத்து, இடித்த வீட்டிலிருந்து வாங்கிய பழைய தேக்கைச் சாய்வாகச் செதுக்கிப் பொருத்தி மர ஆணி அடித்தார். காய்ந்து முடிந்த மரம் என்பதால் புது மரத்தைப் போலச் சுருங்கி இணைப்பை இளக்காது. சுவருக்குள் நுனியைச் சுற்றிக் காற்றுக்கு இடைவெளியும் விட்டார்.

கொத்தனார் செங்கல் உடையாமல் சிமெண்டைக் கொத்தி எடுத்ததே பெரிய வேலை. சுண்ணாம்பை நீற்றி ஊறவைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார். மேல்பூச்சுக்குச் சிப்பிச் சுண்ணாம்பு. சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல இறுகும். அவசரப்படுத்தினால் வெடித்துவிடும் என்று அடுத்த பூச்சுக்கு வாரக்கணக்கில் காக்க வைத்தார். ஐப்பசி மழைக்கு முன் முடிகிற மாதிரி இவர்களைக் கூப்பிடுங்கள்.

ஒரு குறை உண்டு. ஆசாரி இல்லாத நேரத்தில் மகன் ஒரு தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையை மெஷினால் தேய்த்துவிட்டார். பழைய உளித்தடம் அத்தனையும் போய் வழவழவென்று ஆகிவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. சொன்னதும் நிறுத்திவிட்டார்கள், மற்றத் தூண்களைக் கையால் துடைத்து ஆளிவிதை எண்ணெய் மட்டும் பூசினார்கள்.

கூலி கான்கிரீட் தளத்துக்குக் கேட்டதைவிடக் குறையவில்லை. மதிப்பீடு எழுதித் தரும் வழக்கமும் இல்லை, தினக்கூலிக் கணக்குதான். முன்பணம் கொடுக்கும்போதே மெஷின் தேய்ப்பு கூடாது என்று சொல்லிவிடுங்கள்.