எம்-1 பாஸாக: தனி சீனியரா, வாரக் கூட்டமா?

இன்ஜினியரிங் முதல் வருடம் எம்-1 என்கிற முதல் கணக்குப் பேப்பரில் தடுமாறும் ஜூனியர் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. தெரிந்த சீனியர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு சந்தேகம் வரும்போதெல்லாம் அவரிடம் ஓடலாம். இல்லையென்றால், அந்தப் பேப்பரை நன்றாக முடித்த ஒரு சீனியர் வாரம் ஒரு நாள் எட்டுப் பத்துப் பேரைக் கூட்டி கணக்குப் போட வைப்பாரே, அதில் போய் உட்காரலாம். இரண்டிலும் நான் இருந்திருக்கிறேன், ஜூனியராகவும் சீனியராகவும். பாடத்துக்கு என்றால் கூட்டம்தான்.

தனி சீனியர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்த டிபார்ட்மென்ட் பிடிக்கவில்லை, வீட்டில் ஃபீஸ் கட்ட முடியவில்லை, இரவில் தூக்கம் வரவில்லை என்பதையெல்லாம் பத்துப் பேர் நடுவில் யாரும் சொல்ல மாட்டார்கள். அதற்கு ஒரு அண்ணனோ அக்காவோ வேண்டும். ஆனால் கணக்கில் என்ன நடக்கிறது? அவர் போட்டுக் காட்டுவார், நாம் தலையாட்டுவோம். எனக்கு செமஸ்டருக்கு முந்தின இரவு மேட்ரிக்ஸில் வரும் ஐகன் வேல்யூ கணக்கு முழுவதையும் ஒரு அண்ணன் பொறுமையாகப் போட்டுக் காட்டினார், எல்லாம் புரிந்த மாதிரியே இருந்தது, மறுநாள் ஹாலில் முதல் படியான கேரக்டரிஸ்டிக் ஈக்வேஷன் வரை எழுதிவிட்டு அதற்கு மேல் பேனா நகரவில்லை. அரியர் விழுந்தது. அவர் மேல் தப்பே இல்லை, அன்று இரவு பேனா அவர் கையிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கூட்ட முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1973-ல் அமெரிக்காவின் மிசோரி-கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் டியான்னா மார்ட்டின் ‘சப்ளிமென்டல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று இதைத் தொடங்கினார். அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, சரியாகப் படிக்காத மாணவர் யார் என்று தேடாமல், பலர் தோற்கும் பாடம் எது என்று தேடியதுதான். ‘அரியர் உள்ளவர்கள் வரவும்’ என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிப் பாருங்கள், ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ‘எம்-1, வியாழன் நாலரை மணி’ என்று ஒட்டினால் டாப்பரும் வருவார். நடத்துகிறவர் அந்த வகுப்பில் மறுபடியும் போய் உட்கார வேண்டும், கேள்வி வந்தால் தானே பதில் சொல்லாமல் கூட்டத்திடமே திருப்பிவிட வேண்டும் என்பது அந்த முறையின் விதி.

நான் நடத்தியபோது தமிழ் மீடியத்தில் படித்த ஒரு தம்பி மூன்று வாரம் வாயே திறக்கவில்லை. நாலாவது வாரம் போர்டில் டிடர்மினன்ட் எழுதியதும் மெதுவாக, “அண்ணா, இது அணிக்கோவைதானே?” என்றான். பக்கத்திலிருந்த பெண்ணுக்கு அந்த வார்த்தையே புதுசு. கோஃபேக்டர் என்றால் இணைக்காரணி என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே எழுந்து போய் முழுக் கணக்கையும் அவனே விரித்துப் போட்டான். தனியாக என்னிடம் வந்திருந்தால் நானே போட்டுக் கொடுத்து அனுப்பியிருப்பேன்.

நண்பர்களே சேரும் கம்பைன்ட் ஸ்டடியும் நல்லதுதான், ஆனால் தொடங்கி வைக்க ஆள் இல்லாததால் பத்து மணிக்குள் பேச்சு வேறெங்கோ போய்விடும்.

நடத்த நினைப்பவர்களுக்குக் கஷ்டமான இடம் அமைதிதான். கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள், எட்டில் யாராவது வாயைத் திறப்பார்கள். வாரம் மூன்று, நாலு மணி நேரம் போகும், பிளேஸ்மென்ட் சீசனில் அது பெரிய நேரம். அப்புறம், இடம் ஹாஸ்டல் அறையாக இருக்கவே கூடாது. 1997-லேயே ராகிங்குக்கு எதிராகத் தனிச் சட்டம் போட வேண்டி வந்த மாநிலம் நம் தமிழ்நாடு. சீனியர் கூப்பிட்டால் ஜூனியருக்கு இன்னும் உள்ளே ஒரு பயம் இருக்கிறது. கதவு திறந்த வகுப்பறையோ லைப்ரரியோ போதும்.

முதல் இன்டர்னல் டெஸ்ட்டுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். அரியர் வந்த பிறகு கூடினால் எல்லோரும் கேட்பது இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ் மட்டும்தான்.